எதுக்கு மாறுனீங்க?

1981ல் எனக்குப் பத்து வயசு. கோடை லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு ஊர். அதுவரைக்கும் அந்தத் தெருவுக்குள் வந்த வண்டி என்றால் அறுப்புக் காலத்தில் மாட்டுவண்டி, மற்ற காலத்தில் போலீஸ் வேன். அந்தக் கோடையில் கார் காராக வந்தது. வேட்டி கட்டியவர்கள், காவி கட்டியவர்கள், கேமராவைத் தொங்கப்போட்டவர்கள், இங்கிலீஷ் பேசினவர்கள், இந்தி பேசினவர்கள். கூடவே மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஆள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"எதுக்கு மாறுனீங்க?"

வந்தவர்களுக்கு மோர் கொடுக்கலாமா, கொடுத்தால் குடிப்பாங்களா என்று அத்தை யோசித்துக்கொண்டே நின்றது. ஒருவர் தானாகவே கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த வீட்டுச் செம்பில் வாய் வைத்த முதல் சாதி இந்து அவராகத்தான் இருக்கவேண்டும். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு அவரும் கேட்டார்: "எதுக்கும்மா மாறுனீங்க?" அத்தை செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நீங்க இன்னைக்குத்தான வந்திருக்கிய" என்றது. மொழிபெயர்க்கிற ஆளுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மீனாட்சிபுரம் பற்றி வாசகர்களுக்குத் தெரியும். ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மாணவத் தோழர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. 1981 பிப்ரவரி 19ஆம் தேதி, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் ஏறக்குறைய நூற்றெண்பது தலித் குடும்பங்கள் ஒரே நாளில் இஸ்லாத்தைத் தழுவின. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதங்களில் பக்கத்து ஊர்களிலும் சில குடும்பங்கள் மாறின. அத்தை வீடும் அதில் ஒன்று. டெல்லியிலிருந்து மந்திரி வந்தார். வாஜ்பாய் வந்தார். ஆரிய சமாஜத்தார் வந்தார்கள். வளைகுடாப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். விசுவ இந்து பரிஷத் நாடு முழுக்க ஒரு எழுச்சி இயக்கமாகப் பெருகியதற்கு மீனாட்சிபுரம் ஒரு முக்கியமான தூண்டுதல். 1983ல் அது நடத்திய ஏகாத்மதா யாத்திரை வரைக்கும் எங்க பக்கத்து மண்தெரு ஒன்றின் பெயர் இந்தியா முழுக்க ஒலித்தது. அந்தத் தெருவுக்குத் தண்ணிக் குழாய் எப்போது வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்தக் கேள்விதான் எனக்குப் பிரச்சினை. "எதுக்கு" என்பதற்கு இரண்டு பதில்தான் வந்தவர்கள் மனதில் இருந்தன. ஒன்று, உண்மையான ஆன்மிகத் தேடல். இரண்டு, ஆதாயம். பணம், வேலை, பயம், ஆத்திரம், போலீஸ் தொல்லையிலிருந்து தப்பித்தல் எல்லாம் இரண்டாவதில் அடங்கும். ஊர்க்காரர்கள் சொன்னது இந்த இரண்டிலும் பொருந்தவில்லை. டீக்கடையில் தனி கிளாஸ் இல்லாமல் குடிக்கணும், பஸ்ஸில் உட்காரணும், மேல்துண்டை இடுப்பில் கட்டாமல் தோளில் போடணும், "வாங்க பாய்" என்று கூப்பிடணும். இதைக் கேட்டவர்கள், "அப்படியானால் இது மத விஷயமே இல்லை, சமூக விஷயம்" என்று எழுதிக்கொண்டு போனார்கள். மரியாதை என்பது மதத்துக்குள் வராத பொருள் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். இதற்குப் பதில் தேடி நான் கொஞ்ச தூரம் சுற்றிவர வேண்டியிருக்கிறது. ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று. வழிகாட்டி அம்பேத்கர்.

1936ல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டலுக்காக எழுதி, அவர்கள் பயந்து மாநாட்டையே ரத்து செய்ததால் பேசாமலே போன உரை 'சாதி ஒழிப்பு'. அதில் ஒரு வாதம் இருக்கிறது. அரசியல் புரட்சி எதுவும் தானாக வருவதில்லை, அதற்கு முன்னால் மத, சமூகப் புரட்சி நடந்திருக்கும் என்கிறார். லூதர் தொடங்கிய சீர்திருத்தம் ஐரோப்பிய மக்களின் அரசியல் விடுதலைக்கு முன்னோடி. இங்கிலாந்தில் அரசியல் சுதந்திரத்தைக் கொண்டுவந்தது பியூரிட்டன் மதம். அமெரிக்க சுதந்திரப் போரில் வென்றதும் அதே பியூரிட்டன் மதம். அரபு நாட்டையும் புத்தரையும் மராட்டியத்துச் சந்தர்களையும் குருநானக்கையும் இதே வரிசையில் வைக்கிறார். காங்கிரசும் சோஷலிஸ்டுகளும் "முதலில் அரசியல், பிறகு சமூகம்" என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் தலைகீழாகச் சொன்னார்: முதலில் மனசு, பிறகுதான் சட்டம்.

நம்ம நாட்டில் நடந்தது அவர் சொன்னதற்கு மாறான வரிசை. 1950ல் சட்டம் முதலில் வந்துவிட்டது. அதை எழுதும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் அசமத்துவமுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று எச்சரித்தார். ஏழு வருஷத்துக்குள், 1956 அக்டோபர் 14, நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். சட்டம் எழுதிய கை, சட்டத்தால் முடியாததைத் தேடி மதத்துக்குப் போயிற்று. முதலில் வந்திருக்க வேண்டியதைப் பிறகாவது கொண்டுவரலாம் என்று பார்த்தார் போல.

ஆனால் அம்பேத்கர் காட்டிய ஐரோப்பிய உதாரணங்களைக் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்க்கணும். அவர் அவற்றைச் சொன்னது சாதி இந்துக்களுக்கு. "உங்கள் மதத்தை மாற்றாமல் சுயராஜ்யம் வேண்டாம்" என்று புரியவைக்க. நமக்கு அதே உதாரணங்களிலிருந்து வேறு பாடமும் கிடைக்கிறது. அங்கேயும் சேரி இருந்தது.

1517ல் லூதர் எழுந்தார். கிறிஸ்தவன் சுதந்திரமானவன் என்று எழுதினார். அதை ஜெர்மானியப் பண்ணையாட்கள் நம்பினார்கள். 1525ல் மெம்மிங்கன் நகரத்தில் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுதினார்கள். மூன்றாவது கோரிக்கை: கிறிஸ்து தன் ரத்தத்தால் எல்லோரையும்தான் மீட்டார், ஆடு மேய்க்கிறவனையும் ஆளுகிறவனையும் சேர்த்தே மீட்டார், எனவே எங்களை யாரும் அடிமையாக வைத்திருக்க முடியாது. லூதர் என்ன சொன்னார் தெரியுமா? கிறிஸ்தவ விடுதலையை நீங்கள் சதை சார்ந்த விஷயமாக ஆக்கிவிட்டீர்கள் என்றார். அது ஆத்மாவுக்கான விடுதலை, உடம்புக்கு அல்ல. கலகம் பெருகியதும், அவர்களை வெட்டிச் சாய்க்கலாம் என்று பிரபுக்களுக்கு எழுதியும் கொடுத்தார். அந்த வருஷத்தில் செத்த குடியானவர்கள் லட்சம் பேர் வரை இருக்கும் என்பது வரலாற்றாசிரியர்கள் கணக்கு.

"சதை சார்ந்த விஷயம்." மீனாட்சிபுரத்துக்கு வந்த கார்க்காரர்கள் சொன்னதும் இதுதானே.

இங்கிலாந்துக்கு வருவோம். ராஜாவோடு பாராளுமன்றம் சண்டை போட்டது. பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு போரிட்ட சிப்பாய்கள், 1647ல் லண்டன் பக்கத்துப் பட்னி என்ற ஊரில் ஒரு சர்ச்சில் உட்கார்ந்து தளபதிகளோடு வாதாடினார்கள். ஏழைக்கும் வாழ ஒரு உயிர் இருக்கிறது, தன்னுடைய சம்மதம் இல்லாத அரசாங்கத்துக்கு அவன் கட்டுப்பட்டவன் இல்லை என்றார் ரெயின்பரோ. நிலம் நீச்சு இல்லாதவனுக்கு ஓட்டு கொடுத்தால் அவன் சொத்தையே இல்லாமல் ஆக்கிவிடுவான் என்றார் கிராம்வெல்லின் மருமகன் ஐர்ட்டன். ஐர்ட்டன் பக்கம்தான் ஜெயித்தது. 1649ல் ராஜா தலை போயிற்று. அதே வருஷம் புறம்போக்கு மேட்டில் கூடி உழுது பயிரிட்ட நிலமற்றவர்களின் குடிசையும் போயிற்று. புறம்போக்கில் குடிசை போட்ட நம் ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

அமெரிக்காவில்தான் இந்த விஷயம் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று எஜமான்களுக்குப் பயம். கிறிஸ்தவனாகிவிட்டால் விடுதலை கேட்பானே! 1667ல் வர்ஜீனியா சட்டசபை சட்டம் போட்டது: ஞானஸ்நானம் பெற்றதால் அடிமை நிலை மாறாது. பயம் தீர்ந்தது. இனி எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் தண்ணி தெளிக்கலாம். இரண்டு வருஷம் கழித்துக் கரோலினாவுக்கு ஒரு அரசியல் சட்டம் எழுதினார்கள். அதன் ஆக்கத்தில் பங்குபெற்றவர் ஜான் லாக். ஆமாம், கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் படித்தவர்களெல்லாம் மனப்பாடம் செய்த அதே லாக்தான். அந்தச் சட்டம் அடிமைக்கு மதச் சுதந்திரம் தருகிறது. விரும்பின சபையில் சேரலாம். ஆனால் எந்தச் சபையில் சேர்ந்தாலும் எஜமானனுக்கு அவன் மேலுள்ள முழு அதிகாரம் குறையாது.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! நீ என்ன வேண்டுமானாலும் நம்பிக்கொள், உன் நம்பிக்கை தெருவில் எதையும் மாற்றாதவரைக்கும். மனச்சாட்சிச் சுதந்திரம் என்று உலகம் கொண்டாடுகிற சரக்கு, அடிமட்டத்துக்கு வரும்போது இந்த விலைச்சீட்டோடுதான் வந்திருக்கிறது.

அடுத்து மத எழுச்சிகள். 1730கள், 40களில் அமெரிக்கக் காலனிகளில் 'மகா விழிப்பு' என்று சொல்கிற பெரிய அலை வீசியது. ஜார்ஜ் விட்ஃபீல்டு திறந்தவெளியில் பேசினால் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள், கறுப்பர்களும் வெள்ளைக்காரர்களும் சேர்ந்து அழுவார்கள். அடிமைகளைக் கொடுமைப்படுத்தாதே என்று எஜமான்களைக் கண்டித்து எழுதியவர். அதே விட்ஃபீல்டு ஜார்ஜியா காலனியில் அடிமைமுறை வேண்டும் என்று வாதாடினார். அவருடைய அநாதை ஆசிரமத்துக்கு வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. அங்கே தடை செய்யப்பட்டிருந்த அடிமைமுறை 1751ல் சட்டபூர்வமாயிற்று. (விட்ஃபீல்டு பிறந்தது 1714ல். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் நம்ம குற்றாலத்தில் திரிகூடராசப்பக் கவிராயர் குறத்தியைப் பாட்டுடைப் பாத்திரமாக்கிக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்கர் மனம் குளிர்ந்து கவிராயருக்குக் குறவஞ்சிமேடு என்று நிலம் கொடுத்தார். குறத்திக்கு யாரும் நிலம் கொடுத்ததாகச் செப்பேடு இல்லை.)

இதோடு நிறுத்திக்கொண்டால் மதமும் ஏமாற்று, சட்டமும் ஏமாற்று என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நம் தோழர்களில் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. காரணம் பிலடெல்பியா.

1787 கோடையில் அந்த ஊரில் ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்து அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதினார்கள். அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கு எடுப்பது என்று அதில்தான் முடிவாயிற்று. ஓடிப்போன அடிமையைத் திருப்பி ஒப்படைக்கணும் என்பதும் அதில்தான். அதே ஊரில் அதே வருஷம் ஏப்ரலில் ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் என்ற இரண்டு பேர் கறுப்பர்களுக்கு ஒரு உதவிச் சங்கம் தொடங்கினார்கள். இரண்டு பேரும் அடிமையாகப் பிறந்தவர்கள். ஆலன் ஒரு மெதடிஸ்ட் எழுச்சிக் கூட்டத்தில் மனம் மாறியவர், பிறகு உழைத்துச் சம்பாதித்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டவர். செயின்ட் ஜார்ஜ் சர்ச்சில் ஒருநாள் ஜெபம் நடக்கும்போது முழங்காலில் இருந்த ஜோன்ஸைப் பிடித்து இழுத்து, உனக்கு இடம் இங்கே இல்லை என்றார்கள். 1787 என்றும் சொல்வார்கள், 1792 என்றும் சொல்வார்கள். ஜெபம் முடியட்டும் என்றார் ஜோன்ஸ். முடிந்ததும் கறுப்பர்கள் எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள். திரும்பி வரவில்லை. 1794ல் தங்களுக்கென்று பெத்தேல் சபையைக் கட்டினார்கள். அடுத்த நூற்றாண்டில் அந்த வகைக் கறுப்பர் சபைகள்தான் ஓடிவந்த அடிமைக்கு ஒளிய இடமும், எழுதப் படிக்கப் பள்ளிக்கூடமும், கூடிப் பேச மேடையுமாக இருந்தன.

அவர்களிடம் "எதுக்கு வெளியேறுனீங்க, ஆன்மிகக் காரணமா, சமூகக் காரணமா" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? முழங்காலில் இருக்கும்போது இழுத்தார்கள். ஜெபித்தது ஆத்மாதான், ஆனால் முழங்கால் உடம்பில்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பேசுகிற வசதி, எந்த சர்ச்சிலும் யாரும் பிடித்து இழுக்காதவனுக்கு மட்டுமே உண்டு.

கரீபிய நாடான ஹைதியை விட்டுவிட முடியாது. 1789ல் மனித உரிமைப் பிரகடனம் செய்த பிரான்சு அங்கே அடிமைகளை வைத்திருந்தது. 1791 ஆகஸ்டில் அடிமைகள் காட்டுக்குள் கூடித் தங்கள் ஆப்பிரிக்கத் தெய்வங்கள் முன் சத்தியம் செய்துவிட்டுக் கலகத்தைத் தொடங்கியதாக அந்நாட்டார் சொல்வார்கள். 1794ல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது, 1802ல் நெப்போலியன் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தான், 1804ல் ஹைதி தனி நாடாயிற்று. முதலில் மத உறுதி, பிறகு கலகம், பிறகு அரசியல் சட்டம். அம்பேத்கர் சொன்ன வரிசை பிசகாமல் நடந்தது அடிமைகளிடம்தான், லூதரிடம் அல்ல.

இனி ஊருக்குத் திரும்புவோம்.

செங்கோட்டை 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூரில் இருந்தது. தென்காசி வெள்ளைக்காரன் ஆண்ட சென்னை மாகாணம். இடையில் ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். 1936 நவம்பர் 12ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். சென்னை மாகாணத்தில் 1939ல் ஒரு சட்டம், பொதுவான சட்டம் வர 1947 ஆயிற்று. ஆக, எங்க தாத்தா காலத்தில் செங்கோட்டைப் பக்கத்துப் பறையனும் பள்ளனும் சர்க்கார் கோயிலுக்குள் போகலாம், தென்காசிக்காரன் காசி விசுவநாதர் கோபுரத்தை வெளியே நின்று பார்க்கணும். சாமி ஒண்ணு, சர்க்கார் ரெண்டு. மகாராஜாவுக்கு ஏன் திடீரென்று மனம் மாறியது? 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்திருந்தார். திருவிதாங்கூரில் ஈழவர்கள் மொத்தமாக மதம் மாறுவோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் போய்விடுவார்களே என்ற பயம் கதவைத் திறந்ததில் பெரிய பங்கு வகித்தது. ஆனால் எந்தக் கமிஷனும் மகாராஜாவிடம் போய், "உங்கள் மனமாற்றம் உண்மையானதா, ஆதாயத்துக்காகவா" என்று கேட்கவில்லை. கோயில் கதவு எதற்காகத் திறந்தால் என்ன, திறந்ததே என்று பாராட்டினார்கள். நான் அதைத் தப்பு சொல்லவில்லை. அதே தாராளத்தை அத்தைக்கும் காட்டியிருக்கலாம் என்கிறேன்.

அதே 1936 இறுதியில் காந்தி, ஜான் மோட் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தலைவரிடம் பேசும்போது, பசுவிடம் போய் சுவிசேஷம் சொல்வீர்களா என்று கேட்டார். தீண்டத்தகாதவர்களில் சிலருக்கு மதங்களை ஒப்பிட்டுப் பார்க்கிற புத்தி பசுவை விடவும் குறைவு என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பரிவோடுதான் சொன்னார். அதுதான் கஷ்டம். இவனுக்குச் சொந்த மனசு கிடையாது, யாரோ இவனை மாற்றுகிறார்கள் என்கிற நினைப்பு அப்போதிலிருந்து சட்டப் புத்தகம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 2002ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது ஞாபகம் இருக்கும். மற்றவர்களைக் கட்டாயப்படுத்தி மாற்றினால் மூன்று வருஷம் வரை சிறை. மாற்றப்பட்டவர் குழந்தையாகவோ பெண்ணாகவோ தாழ்த்தப்பட்டவராகவோ பழங்குடியாகவோ இருந்தால் நான்கு வருஷம். நம்மைப் பாதுகாக்கிறார்களாம். ஐம்பது வயசுத் தலித் ஆணும், பி.எச்டி. படித்த பெண்ணும், அஞ்சு வயசுப் பிள்ளையும் ஒரே வரிசை. மாற்றிவைப்பவர் கலெக்டருக்குத் தகவல் கொடுக்கணும். எங்க பக்கத்தில் வாத்தியார்களும் கிளார்க்குகளும் டிரான்ஸ்பரை 'மாறுதல்' என்பார்கள். சாமியிடமிருந்து சாமிக்குப் போவதற்கும் மாறுதல் உத்தரவு மாதிரி ஆயிற்று. 2004ல் அந்தச் சட்டம் வாபஸ் ஆனது. வாபஸ் வாங்கியதும் நம் மனசை மதித்து அல்ல, தேர்தல் தோல்விக்குப் பிறகு.

ஆனால் வாபஸ் ஆகாத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். 1950 ஜனவரி 26 அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. பதினேழாவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இருபத்தைந்தாவது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரம் தந்தது. ஏழு மாசம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 10ஆம் தேதி ஜனாதிபதி உத்தரவு: இந்து மதம் அல்லாத வேறு மதத்தவர் தாழ்த்தப்பட்ட சாதியாகக் கருதப்பட மாட்டார். 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். அம்பேத்கரோடு பௌத்தம் போனவர்களைச் சேர்க்க 1990 வரைக்கும், 34 வருஷம் ஆயிற்று. கிறிஸ்தவர், முஸ்லிம் ஆன தலித்துகளுக்கு இன்னும் இல்லை. 2022ல் இதை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள்.

வர்ஜீனியாவில், மதம் மாறினாலும் உன் விலங்கு கழறாது என்றது சட்டம். இங்கே, மதம் மாறினால் உன் விலங்கு கழன்றுவிட்டதாக எழுதிக்கொள்கிறது. தெரு அதே தெரு. வயல் அதே பண்ணையாருடையது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கேஸ் கொடுக்கப் போனால் நீ தலித் இல்லை என்பார்கள். அடித்தவனுக்கு மட்டும் நீ யாரென்று மறக்காது. இரண்டு சட்டமும் எதிரெதிர் மாதிரித் தெரியும். ஆனால் எஜமானனுக்கு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

மாறிய இடம் சொர்க்கமாக இருந்ததா என்று கேட்டால், அதையும் மறைக்கக் கூடாது. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சாதிச் சுவர் நின்றது. அது கிறிஸ்துவின் போதனை இல்லை, நம் மண்ணின் சேர்மானம். இஸ்லாத்துக்குப் போன எங்க ஆட்கள் தொழுகையில் தோளோடு தோள் நின்றார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒருவரையும் நான் பார்க்கவில்லை. பெண் கொடுக்கல் வாங்கல் என்று வரும்போது "பழைய குடும்பமா, புதுசா" என்ற விசாரிப்பு வந்தது. சிலர் திரும்பி வந்தார்கள். திரும்பியவர்களுக்கு மாலை போட்டவர்கள் அப்புறம் அவர்களை எந்தத் தெருவில் குடிவைத்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே அம்பேத்கர் சொன்ன வரிசை சரியா என்று என்னைக் கேட்டால், வரிசை சரிதான், ஆனால் யாருடைய மனசு மாறணும் என்பதில் நாம் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோம் என்பேன். 'சாதி ஒழிப்'பில் அவர் மாறச் சொன்னது ஆளுகிறவனை. அவன் மாறவில்லை. மாறவேண்டியவன் மாறாமல், மாறியவனை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறான். 1936 மே மாதக் கடைசியில் பம்பாயில் மகர் மாநாட்டில் பேசியபோது அம்பேத்கர் வேறு தொனியில் பேசினார். மதமாற்றத்துக்கு உலகியல் காரணமும் உண்டு, ஆன்மிகக் காரணமும் உண்டு, இரண்டையும் வைத்தே யோசியுங்கள் என்று சொந்த ஜனங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ஒன்றைச் சொல்ல வெட்கப்பட்டு மற்றதை முன்னால் வைக்கவில்லை. நாம்தான் மீனாட்சிபுரத்துக்காகப் பேசும்போதெல்லாம், "இல்லை, இல்லை, ஆதாயத்துக்காக அல்ல" என்று குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரிப் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். நானும் கூட்டங்களில் அப்படிப் பேசியிருக்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்க வீடு மாறவில்லை. 1981ல் எங்க அய்யாவும் பெரியய்யாவும் ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். பெரியய்யா மாறணும் என்றார். அய்யா என்னைக் காட்டி, "இவன் படிக்கானே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் ஸ்காலர்ஷிப்பில் படித்தேன், ஹாஸ்டலில் தங்கினேன், அரசாங்க வேலைக்குப் போனேன். வீட்டில் ஒரு சாமி படமும் கிடையாது, அம்பேத்கர் படமும் புத்தர் படமும்தான். சர்டிபிகேட்டில் இந்து. அத்தை மகன், என்னை விட நாலு வயசு மூத்த அத்தான், பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனார். ஒரு அலுவலகத்தில் அவருடைய பழைய சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்து, நீங்கள்தான் இப்போது அந்தச் சாதி இல்லையே என்று வாழ்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னார்களாம். சவூதி போய்ப் பத்து வருஷம் டிரைவராக இருந்துவிட்டு வந்தார்.

போன சாரல் சீசனில் குற்றாலம் ஐந்தருவிக்குச் சேர்ந்து போனோம். குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டோடு கல்லில் உட்கார்ந்திருந்தோம். அத்தான் மங்குஸ்தான் வாங்கி வந்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கட்டுமா? நாப்பது வருஷமா என்கிட்ட எத்தனை பேரு கேட்டிருப்பான், எதுக்கு மாறுனன்னு. உன்கிட்ட எவனாவது, எதுக்கு மாறலன்னு கேட்டிருக்கானா?"

"இல்ல அத்தான்."

"சரி, நான் கேக்கேன். எதுக்குல மாறல?"

நான் அம்பேத்கர், பௌத்தம், 1956 என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் பழத்தை உருட்டிக்கொண்டே பார்த்தார். "அதெல்லாம் மேடையில பேசு" என்றார்.

"வேலை போயிரும்லா அத்தான். சர்டிபிகேட்டு..."

சிரித்துவிட்டார். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"அப்ப நீதாம்ல சலுகைக்காக இந்துவா இருக்க!"

மங்குஸ்தானை இரண்டு கையாலும் அழுத்திப் பிளந்து பாதியை என்னிடம் நீட்டினார். "தோலு கறை போவாது, வேட்டில படாமப் பாத்துக்க" என்றார்.